வேப்பிலையும் விளக்கும்

பேரா மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் துரோலாக்குக்கும் இடையே அமைந்த சிற்றூர் சுங்காய். ஊரின் பெயரையே தாங்கி ஓடும் ஆறு, ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் இருப்புப்பாதை, சற்றுத் தொலைவில் சுங்கை கிளாவின் வெந்நீரூற்றுகள், இவற்றைச் சூழ்ந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைக் காடுகள் என்பனவே இன்று அவ்வூரின் தோற்றம். அச்செம்பனைகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்றன. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, விளக்கு வெளிச்சத்தில் மரம் சீவிய தமிழரின் லயங்களும் அங்கே இருந்தன. மரங்கள் வெட்டப்பட்டன, லயங்கள் காலியாகி இடிந்தன, மக்கள் தாமான்களுக்கும் தொழிற்பேட்டை நகரங்களுக்கும் பெயர்ந்தனர். எனினும், செம்பனைக் காட்டின் நடுவே ஒற்றையடிப் பாதையின் முடிவில் ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் வண்ணம் பூசப்பெற்று நிற்பதை அவ்வட்டாரத்திலும் பேராவின் மற்ற வட்டாரங்களிலும் காணலாம். தோட்டம் அழிந்த பின்னும் கோயிலைக் கைவிட மக்களுக்கு மனம் வரவில்லை.

அத்தகைய கோயில்களும் ஒரு நாள் கதவடைத்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆம் நாள் புதிய நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மலேசியத் தமிழர் ‘கோறனி நச்சில்’ எனப் பெயரிட்டழைத்த அக்கிருமி, பள்ளியையும் கடையையும் மூடியதோடு வழிபாட்டுத் தலங்களையும் மூடச் செய்தது. பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் மணியோசையின்றிக் கழிந்தன. துன்பம் வந்தால் கோயிலுக்கு ஓடுவதே வழக்கமாகக் கொண்ட ஒரு சமுதாயத்துக்கு, துன்பம் வந்த வேளையில் கோயிலுக்குப் போகாதே என்ற கட்டளை பிறந்தது. அந்நிலையில் ஆன்மிகம் மனிதனுக்கு எவ்வாறு துணைநின்றது, எங்கே அது வழிகாட்டியது, எங்கே அது வழிதவறவும் கூடும் என்பன எண்ணிப் பார்க்கத் தக்கவை.

பேராத் தமிழருக்குக் கொள்ளைநோய் புதிய விருந்தாளியன்று. காடழித்து ரப்பர் நட்ட தொடக்க ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களைச் சூறையாடியது. கப்பலிறங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் மண்ணுக்கு இரையானோர் எண்ணற்றவர். கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்ற உண்மையை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். அதன் அடிப்படையில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்திக் காட்டினார். அதன் பின்னரே வடிகால் வெட்டுவதும் கொயினா கொடுப்பதும் மலாயாத் தோட்டங்களில் மெல்ல மெல்லப் பரவின. 1918இல் உலகை வலம்வந்த நச்சுக் காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. 1943இல் சயாம் மரண இரயில் பாதையில் வாந்திபேதி கண்டு மாண்டோருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். வீட்டுக்கு ஒரு சாவு என்ற கணக்கை அறிந்த மூதாதையரின் வழித்தோன்றல்களே இன்று அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர்.

அம்மூதாதையர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த செல்வங்களுள் முதன்மையானது மாரியம்மன் வழிபாடு. தோட்டம் உருவான இடமெல்லாம் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை சார்த்தி அவளை அழைத்தனர். அவள் மழைக்குரிய தெய்வம். அம்மைக்கும் உரிய தெய்வம். அம்மை கண்ட வீட்டில் அவர்கள் கைக்கொண்ட நெறிமுறைகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். வாசலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்டவுடன் அயலார் உள்ளே நுழையார். வீட்டார் பிற வீடுகளுக்குச் செல்லார். விருந்து இல்லை, புலால் இல்லை, எண்ணெய்த் தாளிப்பு இல்லை. கூழும் இளநீரும் போன்ற குளிர்ச்சியான உணவே நோயாளிக்குரியது. முன்னரே அம்மை கண்டு தேறியவர் பக்கத்திலிருந்து வேப்பங்கொத்தால் வருடிவிடுவார். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தபின், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றிய பிறகே நோயாளி வெளியே வருவார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரெல்லையைத் தாண்டலாகாது என்ற கட்டுப்பாடும் இதனோடு ஒத்த தன்மையுடையது.

இன்றைய மருத்துவம் தனிமைப்படுத்தல் என்றும், நோயெதிர்ப்பாற்றல் பெற்றவரைக் கொண்டு பணிவிடை செய்தல் என்றும் கூறுவனவற்றை, எழுத்தறியாத தாய்மார் அம்மனின் ஆணையாக ஏற்று நடந்தனர். ஏன் என்று அவர்கள் வினவவில்லை. மீறினால் அம்மன் சினம் கொள்வாள் என்று அஞ்சினர். அச்சத்தோடு ஓர் அரிய பண்பும் அவ்வழக்கத்தில் கலந்திருந்தது. நோயாளியை அவர்கள் தீண்டத்தகாதவராகக் கருதவில்லை. ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்றனர். நோய்ப்பட்ட உடலைத் தெய்வம் இறங்கிய உடலாகப் போற்றியதால், ஒதுக்கிவைக்கப்பட்ட நிலையிலும் நோயாளியின் மதிப்பு குறையவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நோய் கண்டவரின் பெயரைப் புலனக் குழுக்களில் பரப்பி, அக்குடும்பத்தைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்ட படித்தவர்களும் இருந்தனர். அவர்கள் தம் பாட்டிமாரிடம் கற்றிருக்க வேண்டிய பாடம் இது.

ஆயினும், வேப்பிலை பெரியம்மையை ஒழித்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நெறியோடு ஒதுங்கியிருந்த வீடுகளிலும் குழந்தைகள் மாண்டனர். பிழைத்தோருள் பலர் கண்ணிழந்தனர். எட்வர்ட் ஜென்னர் 1796இல் தொடங்கிவைத்த தடுப்புமுறையே அந்நோயின் வேரை அறுத்தது. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980இல் உலகம் அந்நோயிலிருந்து விடுதலை பெற்றதாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. தோட்டத்து மக்கள் அம்மை குத்திக்கொண்டனர். அதே கையால் அம்மனுக்குப் பொங்கலும் வைத்தனர். ஊசியை ஏற்றதால் அம்மன் விலகிப் போய்விடவில்லை. மருத்துவமும் பக்தியும் தத்தம் இடத்தில் நின்று ஒரே வீட்டைக் காத்தன.

சுங்காய் வட்டாரத் தாமான் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் இடது கையில் அந்த அம்மைக்குத்துத் தழும்பு வட்டமாகப் பதிந்திருந்தது. இளமையில் பால்மரம் வெட்டியவர், கணவரை இழந்தவர், இளைய மகனின் குடும்பத்தோடு இருந்தார். கோயில் பூட்டப்பட்ட அந்த மார்ச் மாதத்தில் அவருடைய பேரன், “கோயிலைப் பூட்டிட்டாங்களே பாட்டி, அம்மன் தனியா இருக்குமே?” என்று கேட்டான். “ஆத்தா எங்கேயும் தனியா இல்லை, ஐயா. அம்மை போட்ட வீட்டுல நாங்க எப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தோமோ, அப்படி ஊரையே இருக்கச் சொல்றா” என்றார் பாட்டி. அன்றே வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. கிருமியை வேப்பிலை தடுக்கும் என்று அவர் சொல்லவில்லை; வீட்டாரின் கால் வாசலைத் தாண்டும்போது அதைக் கண்டு தயங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அரசாணையின் பொருள் விளங்காத வயதினருக்கு அந்த வேப்பிலையின் பொருள் விளங்கியது.

அவ்வீட்டின் நாள்முறையும் மாறியது. வேலையில்லை, பள்ளியில்லை, பொழுது புலர்வதும் சாய்வதும் ஒன்றே என்றிருந்த நாட்களில், நாளுக்கு ஒரு வடிவம் கொடுத்தது வழிபாடு. விடியலில் குளியல், திருநீறு, விளக்கு. மாலை ஏழு மணிக்கு மீண்டும் விளக்கு. பிள்ளைகள் திறன்பேசியில் இயங்கலை வழியாகப் பாடம் கேட்டனர். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு திறன்பேசி என்ற நிலையில் அதற்காகச் சண்டையும் நடந்தது. மாலை விளக்கு ஏற்றும் வேளையில் மட்டும் அக்கருவி பூசைமாடத்தின் அருகே வைக்கப்பட்டது. அதன் வழியே அயல்வீட்டாரும் உறவினரும் தத்தம் இல்லத்திலிருந்து தேவாரமும் சிவபுராணமும் சேர்ந்து ஓதினர். இணையத் தொடர்பு தடைப்பட்டுக் குரல்கள் முன்பின்னாக ஒலித்தன, பண் கெட்டது. எனினும், இன்னார் குரல் இன்று கேட்டது, இன்னார் நலமாக உள்ளார் என்ற ஆறுதல் ஒவ்வொரு வீட்டிலும் நிறைந்தது. ஒருநாள் ஒரு குரல் கேளாமற்போனால் மறுநாள் காலையில் அவ்வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புச் சென்றது.

ஆன்மிகம் உடல்நலத்துக்கு உதவுவது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை இத்தகைய எளிய செயல்களிலேயே அடங்கியுள்ளது. குறித்த நேரத்தில் எழுதலும் உண்ணலும் உறங்கலும் உடலின் தாளத்தைக் காக்கின்றன. பதிகத்தை நீட்டி ஓதும்போது மூச்சு தானே நீண்டு அடங்குகிறது. ஒரு சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்ப எண்ணுவதால் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் தணிந்து உடல் இளைப்பாறுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மந்திரம் செபித்தவர்கள் இதனை நூல் வழி அறியவில்லை, பழக்கத்தால் அறிந்திருந்தனர். அச்சம் ஓயாது மனத்தை அரிக்கும்போது உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் உடல் தளரும். அவ்வரிப்பை நாளில் ஓரிரு நாழிகையேனும் நிறுத்திவைப்பது பெரும் உதவியே. நோயை வழிபாடு விரட்டிவிடும் என்பதற்கு இது சான்றாகாது. நோயுள்ள உலகில் மனம் சிதறாமல் வாழ அது வலிமை தரும் என்பதே இதனால் பெறப்படும்.

தமிழ்ச் சான்றோர் மரபும் உடலைப் புறக்கணிக்கவில்லை. உடம்பை இழிவென முன்னர் எண்ணி, இறைவன் அதனுள் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்தபின் அதைப் பேணலானதைத் திருமூலர் பாடினார். திருவள்ளுவர் துறவுக்கு அதிகாரம் வகுத்ததுபோல் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை நாடி, தணிக்கும் வழியைத் தேர்ந்து செயல்பட வேண்டும் என்பது அவர் காட்டும் முறை. அவ்வதிகாரத்தின் முடிவில், நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக அவர் பகுத்தார். இறைவனின் திருவடியைப் போற்றி நூலைத் தொடங்கிய புலவர், நோய்க்கு மந்திரத்தை மருந்தாகக் கூறவில்லை என்பது ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துக்காட்டத் தக்கது.

பக்தி தன் எல்லையை மறந்தால் விளையும் கேட்டையும் இப்பெருந்தொற்று காட்டியது. 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் தேகு நகரில் ஒரு சமயக் குழுவின் கூட்டங்கள் வழியாக நோய் பல்லாயிரவரிடம் பரவியது. 2021 ஏப்ரலில் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்தபோதே அரித்துவாரின் கும்பமேளாவில் இலட்சக்கணக்கானோர் கங்கையில் நீராடினர். பின்னரே எஞ்சிய நிகழ்ச்சிகள் அடையாள அளவில் சுருக்கப்பட்டன. எந்தச் சமயமும் இதற்கு விதிவிலக்கன்று. மலேசியாவில் 2021 ஜனவரி 28ஆம் நாள் வந்த தைப்பூசம் காவடியும் பால்குடமும் இன்றிக் கழிந்தது. நேர்த்திக்கடனை அடைக்க இயலவில்லையே என்று வருந்தியோர் பலர். ஆனால், பிறருடைய உயிரைக் காப்பதற்காகத் தன் காவடியை இறக்கிவைத்தவனும் முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடனைச் செலுத்தியவனே ஆவான்.

‘அம்மன் இருக்கும்போது ஊசி எதற்கு?’ என்ற பேச்சு தடுப்பூசி வந்த 2021ஆம் ஆண்டில் சில இடங்களில் எழுந்தது. அம்மூதாட்டியின் உறவினர் ஒருவரும் அவ்வாறு கேட்டார். பாட்டி விடையாகத் தம் இடது கைச் சட்டையை உயர்த்தி, பழைய தழும்பைக் காட்டினார். “இதைப் போட்ட அன்னைக்கும் ஆத்தா இருந்தா” என்பதே அவர் சொன்னது. நெற்றியில் திருநீற்றோடு சென்று தம் முறை வந்தபோது ஊசியைப் போட்டுக்கொண்டார்.

அடியார் வரலாறுகளும் இதே நெறியைக் காட்டுகின்றன. கொடிமாடச் செங்குன்றூரில் தம்மைச் சூழ்ந்திருந்த அடியாரைக் குளிர்சுரம் வருத்தியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்பாடல் பிறந்ததற்குக் காரணம் பிறருடைய துன்பம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அவரும் நாவுக்கரசரும் இறைவனிடம் பெற்ற படிக்காசைக் கொண்டு அடியார்க்கு உணவளித்தனர். கையால் உழவாரத் தொண்டு செய்த நாவுக்கரசருக்குக் கிடைத்த காசு குறையின்றி மாறியது என்றும், சம்பந்தரின் காசுக்கு வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது என்றும் அவ்வரலாறு குறிப்பது நுட்பமானது. உடலுழைப்போடு கூடிய பக்திக்கு மதிப்பு மிகுதி என்பது அதன் உட்கிடை. பின்னாளில் வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிப் பசிப்பிணியைப் போக்குதலையே வழிபாடாக்கினார்.

2021 ஜூன் மாத இறுதியில் மலேசியாவில் வெள்ளைக்கொடி இயக்கம் பரவியது. உணவின்றித் தவிப்போர் கூச்சமின்றி வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவ முன்வரலாம் என்பது அதன் நோக்கம். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் இனம் பாராது அரிசியும் பருப்பும் கொண்டுசென்றனர். நாட்கூலி நின்றுபோன குடும்பங்களுக்கு அம்மூட்டைகளே அவ்வாரத்து உயிர்ப்பு. அந்நாட்களில் கோயில்மணி ஒலிக்கவில்லை என்று வருந்தியோர், சமைத்த சோற்றைப் பொட்டலமாகக் கட்டி அயல்வீட்டு வேலியில் மாட்டிவிட்டு வந்தனர். பக்தியின் வேறொரு மணியோசை அது.

இவற்றினும் கடுமையான சோதனை மரணத்தில் வந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியாவில் இந்நோயால் இறந்தோர் 471 பேர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொகை 31,000ஐத் தாண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 20,000க்கும் மேற்பட்டோர்க்கு நோய் கண்டது. வள்ளுவர் கூறிய நான்கு கூறுகளுள் நான்காவதை, அதாவது பக்கத்திலிருக்கும் உறவை, இந்நோய் பறித்துக்கொண்டது. தலைமுதல் கால்வரை மூடிய உடையணிந்த தாதியரே அவ்விடத்தை நிரப்பினர். இறந்தவரின் முகம் காணும் பேறு பலருக்கு வாய்க்கவில்லை; நீராட்டும் வாய்க்கரிசியும் இல்லாமலே உடல்கள் எரியூட்டப்பட்டன.

அம்மூதாட்டியின் மூத்த மகன் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த ஆகஸ்டில் அவர் மறைந்தார். மாநில எல்லை மூடியிருந்தது. தாயால் செல்ல இயலவில்லை. தகவல் வந்த இரவு அவர் அழவுமில்லை, பேசவுமில்லை. மறுநாள் அவர் செய்த செயலே அவரை மீட்டது எனலாம். மகனின் நிழற்படத்தைக் கிழக்கு நோக்கி வைத்து, ஒரு செம்பில் நீரும் ஒரு தட்டில் அரிசியும் வைத்தார். உடலுக்குச் செய்ய வேண்டியவற்றைப் படத்துக்குச் செய்தார். வாய்க்கரிசியை இடும்போதுதான் அவருக்கு அழுகை பீறிட்டது. பதினாறு நாட்கள் அவ்விளக்கு அணையவில்லை. ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு அத்தெருவின் வீடுகள் தத்தம் வாசலில் ஓர் அகல் ஏற்றின. யாரும் அவ்வீட்டுக்குள் வரவில்லை. ஆயினும், துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு மாநில எல்லைகள் திறந்தன. அதன்பின் வந்துசேர்ந்த அஸ்தியைச் சுங்காய் ஆற்றில் கரைத்தனர்.

சடங்கு வெறும் சம்பிரதாயமே என்று எள்ளுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். துயரம் உருவமற்றது; அது உள்ளத்தில் தேங்கி நின்றால் உயிரையே அழுத்தும். கைக்குச் செய்ய ஒரு செயலும் வாய்க்குச் சொல்ல ஒரு சொல்லும் கொடுத்து, இன்ன நாளில் தொடங்கி இன்ன நாளில் முடியும் என எல்லை வகுத்து, துயரத்தை வெளியே கொணர்வது சடங்கு.

எனினும், விளக்கொன்றே எல்லா மனத்துக்கும் போதும் என்று கூறிவிடலாகாது. காவல்துறையின் கணக்குப்படி 2019இல் மலேசியாவில் 609 பேரும், 2020இல் 631 பேரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். 2021இன் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் அத்தொகை 468. அவர்களுள் இறைநம்பிக்கை உடையோரும் இருந்திருப்பர். மனத்தின் நோய் பக்திக் குறைவால் வருவதன்று. காய்ச்சலைப் போல் அதுவும் மருத்துவரையும் ஆலோசகரையும் நாட வேண்டிய நோய். ‘சாமியை நன்றாகக் கும்பிடு, சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது, அம்மை கண்ட குழந்தையை மருந்தின்றி விட்டதற்கு ஒப்பாகும். வகுப்பில் திடீரென மௌனமாகிவிட்ட மாணவனை அடையாளம் கண்டு, அவனோடு அமர்ந்து பேசி, தக்கவரிடம் அழைத்துச் செல்லும் ஆசிரியரின் செயலும் ஆன்மிகத் தொண்டே.

2022 ஏப்ரல் முதல் நாள் மலேசியா குறுந்தொற்றுக் கட்டத்துக்கு மாறியது. 2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோயின் உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. இன்று கோயில்கள் திறந்துள்ளன, தேர் ஓடுகிறது, காவடி ஆடுகிறது. கூட்டம் திரும்பிவிட்ட நிலையில் மறதியும் திரும்பிவிடக் கூடும். அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வரும் என்பதை யாரும் கூற இயலாது. அது வரும்போது அறிவியல் புதிய மருந்தைத் தேடித் தரும். மருந்து வரும்வரை பொறுத்திருக்கும் உறுதியையும், ஒதுங்கியிருக்கும் கட்டுப்பாட்டையும், ஒதுக்கப்பட்டவரை மதிக்கும் அன்பையும், இழந்தவரைத் தேற்றும் சொல்லையும் இல்லங்களே வளர்த்து வைத்திருக்க வேண்டும். பால்மரக் காட்டில் ஒரு கல்லை நட்டு அம்மனை அழைத்த ஏழை மக்கள் அவற்றை வேப்பிலையிலும் விளக்கிலும் பொதிந்துவைத்துச் சென்றுள்ளனர். அவற்றின் பொருளை உணர்த்தி இளையோர் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு தமிழாசிரியர்க்கு உரியது.